பலகையின் பின்பக்கம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் வந்த பேச்சு வழக்கைப் பல இடங்களில் திருத்தாமல் விட்டிருக்கிறேன், பொறுத்தருள்க.)



என்னைப் பேசக் கூப்பிட்ட செயலாளர் அண்ணன், "எதைப் பத்திப் பேசப் போறே தம்பி?" என்று கேட்டார். "போர்டு பத்திண்ணே" என்றேன். "இ.பி. போர்டா?" என்றார். "இல்லண்ணே, கடை வாசல்ல மாட்டுறாங்கள்ல, அந்த போர்டு" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பதினைந்து நிமிஷத்துல முடிச்சிரு" என்றார்.

என் வகுப்புத் தோழர்களில் ஒருவன் மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழுப்புகிறான். இன்னொருவன் துபாயில் நாற்பது மாடிக் கட்டடத்தில் நிற்கிறான். 2010இல் இதே கல்லூரியில் சிவில் முடித்த நான், கோயம்புத்தூரில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்கிறேன். பலகைக்கு இரும்புச் சட்டம், அஸ்திவாரம் கணக்குப் போடுவதும், ஆட்களை வைத்துச் செய்து மாட்டுவதும் என் தொழில். "இதுக்கா நாலு வருஷம் படிச்சே?" என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

அப்பாவின் தூரிகை

எங்கள் அப்பா போர்டு ஆர்டிஸ்ட். தகரத்தில் எனாமல் பெயின்ட்டால் எழுதுவார். கடை திறப்புக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் வந்து உட்கார்ந்துவிடும். "அண்ணே, காலைல அஞ்சு மணிக்கு நல்ல நேரம், அதுக்குள்ள போர்டு ஏறிடணும்." பெயின்ட் காயக் காய அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேப்பரில், டி.வி.யில் விளம்பரம் கொடுக்க அவருக்கு வசதி கிடையாது. "நான் இங்கே கடை வைத்திருக்கிறேன்" என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு இருக்கும் ஒரே வாய் அந்தப் பலகைதான்.

பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் வந்தது. அப்பா ஒரு நாள் முழுக்க எழுதுவதை அது கொஞ்ச நேரத்தில் துப்பியது. 2006இல் நான் இங்கே சேர்ந்தபோது கட்டிய பணம் தூரிகையில் சம்பாதித்தது. நான் படித்து முடித்து வீட்டுக்குப் போனபோது அந்தத் தூரிகைகள் மண்ணெண்ணெய் டப்பாவில் காய்ந்து விறைத்திருந்தன.

ஃப்ளெக்ஸ் மலிவு. மலிவானதும் எல்லாம் பெரிதாயிற்று. பிறந்த நாளுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, தலைவர் வருகைக்கு நூறு என்று தெருவெல்லாம் பலகை. அதனால் சட்டமும் தெருவுக்கு வர வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னையில் இது பழைய கதை. 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் விளம்பரப் பலகைகளுக்கென்று பின்னாளில் ஓர் அத்தியாயம் சேர்த்து, 2003இல் உரிம விதிகளையும் வகுத்தார்கள். விளம்பர நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2008இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமும் விதிகளும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நகரம் முழுவதும் பலகைகள் இறக்கப்பட்டன. இப்போது மாநிலம் முழுவதற்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இருக்கிறது. 1998இல் இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில்தான், விதிகளோடு, நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து வருஷம்! நம்ம ஹாஸ்டல் மெஸ் கமிட்டியே இதைவிட வேகமாக முடிவெடுக்கும்.

பொதுவாக, பலகைகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கடைக்காரர் தன் கடைமேல் தன் பெயரை எழுதி வைப்பது. மற்றொன்று, வாடகை இடத்தில் யாருடைய பொருளையோ விளம்பரப்படுத்தும் ஹோர்டிங். பழைய நகராட்சிச் சட்டங்களே இந்த வித்தியாசத்தை அறிந்திருந்தன. கடைக்குள் நடக்கும் வியாபாரத்தைச் சொல்லும் பலகைக்கு விளம்பர வரியில் விலக்குக் கொடுத்தன. ஆனால் ஆக்கிரமிப்பு அகற்ற வரும் பொக்லைனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடைக்காரரின் போர்டு, பக்கத்திலிருந்த பெரிய விளம்பரத்தோடு சேர்த்துப் பிடுங்கப்பட்டது. சன்ஷேடும் கூடவே வந்துவிட்டது. ஹோர்டிங் வைத்த நிறுவனம் ஒரு மாதத்தில் வேறு இடத்தில் வைத்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் ஆறு மாதம் சிலேட்டில் சாக்பீஸால் பெயர் எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்.

மொழி பற்றிய விதியும் உண்டு. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும். எங்கள் அப்பா இந்த விதியைப் படித்தவரல்ல. ஆனால் அவர் எழுதிய போர்டெல்லாம் அந்த அளவில்தான் இருந்தது, ஏனென்றால் அதைப் படிக்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். இன்று பெரிய கம்பெனிகளின் டிசைன் மும்பையிலிருந்து வருகிறது. தமிழ் எங்கோ அடியில், எறும்பு வரிசை மாதிரி. "சார், இது விதிப்படி செல்லாது" என்று நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு மாதம் ஈமெயில் போகும், வரும். சொல்லாவிட்டால் நோட்டீஸ் கடைக்கு வரும்.

ஒரு விதியை வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டு, திடீரென்று ஒரு நாள் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூர் சாட்சி. 2023 டிசம்பரில் கன்னடப் பலகை கேட்டுப் போராட்டம் நடந்தது. பல பலகைகள் உடைக்கப்பட்டன. 60 சதவீதம் கன்னடம் என்ற விதிக்கு 2024 பிப்ரவரி கடைசி வரை கெடு வைத்தார்கள். அங்கே இதே தொழிலில் இருக்கும் நண்பன் சொன்னான்: "மச்சான், ரெண்டு மாசம் தூக்கமில்ல. ஆர்டர் குமிஞ்சுது. மூணாவது மாசம் ஈ ஓட்டினேன்." விதியால் தொழில் வளர்ந்ததா என்று கேட்டால், வளரவில்லை. வீங்கி வடிந்தது. அந்த அவசரத்தில் மாட்டிய பலகைகளில் எத்தனைக்கு யார் போல்ட்டைச் சரிபார்த்தார்கள் என்பது வேறு கேள்வி.

தடையும் தொழிலும்

2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் பேனர் வைக்க இடைக்காலத் தடை விதித்தது. தடை இருந்தபோதே, 2019 செப்டம்பர் 12ஆம் தேதி பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண வரவேற்பு பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன பெண்மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வயது 23. நம்மைப் போல ஒரு பொறியாளர். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கெடுபிடி வந்தது. அந்த பேனரை அச்சடித்த அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். பேனரில் அனுமதி எண்ணும் அச்சகத்தின் பெயரும் இருக்க வேண்டும் என்ற விதி அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் கடன் வாங்கி மெஷின் போட்ட ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் பலர் ஷட்டரை இறக்கினார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் அச்சடிச்சுத்தானே கொடுத்தேன். ரோட்டு நடுவுல கட்டுனது நானா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அனுமதி எண் கேட்டிருந்தால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும் என்பது உண்மை. எல்லோரும் கேட்டிருந்தால் அந்தப் பேனரே இருந்திருக்காது என்பதும் உண்மை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாத இடத்தில் யோக்கியனாக இருப்பது நஷ்டக் கணக்கு. தொழிலில் பதினைந்து வருஷத்தில் நான் கற்றது இதுதான்.

யானைக் கணக்கு

தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50. மும்பைக்கு 44. கெழுக்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் வந்துவிடும். கோவைக்கு 912 நியூட்டன். அதாவது ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 93 கிலோ. இருபதுக்கு இருபது அடி பலகை 37 சதுர மீட்டர். மொத்தம் மூன்றரை டன். ஒரு யானை வந்து உங்கள் பலகையில் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மும்பை காட்கோபர். 2024 மே 13ஆம் தேதி, புழுதிக் காற்றில் ஒரு ஹோர்டிங் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அதன் அளவு 120க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40. மூன்று மடங்குதானே என்று தோன்றும். நீளம் மூன்று மடங்கு, உயரம் மூன்று மடங்கு, ஆகவே பரப்பு ஒன்பது மடங்கு. காற்றின் விசையும் ஒன்பது மடங்கு. இரண்டும் தரையிலிருந்தே எழும்புவதாக வைத்தால், விசை வேலை செய்யும் உயரமும் மூன்று மடங்காகிறது. அடித்தளத்தைப் பெயர்த்துக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 27 மடங்கு! யானைக் கணக்கில் சொன்னால் நாற்பத்தைந்து யானை. மணிக்கு 158 கிலோமீட்டர் காற்றைத் தாங்கியிருக்க வேண்டிய அமைப்பு, 49க்கு மேல் தாங்காத அஸ்திவாரத்தில் நின்றதாக ஆராய்ந்த நிபுணர்கள் சொன்னார்கள்.

விதி இல்லாமலா போயிற்று? 40 அடி என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் இடம் ரயில்வே போலீஸ் வசம் இருந்தது. அங்கே மாநகராட்சி விதி செல்லுமா செல்லாதா என்ற வாதத்துக்கு நடுவில் பலகை எழும்பிவிட்டது. காற்று எந்தத் துறையின் இடம் என்று கேட்டுக்கொண்டா வீசும்? பிறகு கைதானவர்களில் உறுதிச் சான்று கொடுத்த பொறியாளரும் ஒருவர். குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது அவரைப் பற்றியல்ல, என்னைப் பற்றி.

நான் போட்ட கையெழுத்து

2014இல் நான் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்த புதிது. பக்கத்து ஊரில் ஒரு விளம்பர ஏஜென்சி. இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 20க்கு 20 பலகை. வரைபடம் கொண்டுவந்தார்கள். கால்கள் நான்கும் பீம் மேல் நிற்பதாக அழகாக வரைந்திருந்தது. கணக்குப் போட்டேன், சரியாக வந்தது. டீக்கடை வாசலில், பைக் சீட்டில் பேப்பரை வைத்து உறுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். மூவாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். மாடி ஏறிப் பார்க்கவில்லை.

அது சித்திரை மாதம். ஆனி கடைசியில் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனவன், சும்மா பார்ப்போமே என்று ஏறினேன். கால்கள் பீம் மேல் இல்லை. தளத்துக்கு மேலே மழைநீருக்காகப் போட்டிருந்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையில் ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கியிருந்தார்கள். கான்கிரீட்டை அது தொடவே இல்லை. ஒரு போல்ட்டைக் கையால் ஆட்டினேன், ஆடியது. எட்டிக் கீழே பார்த்தேன். பஸ் ஸ்டாப். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றுக்கு இன்னும் பத்து நாள்.

கட்டட உரிமையாளர், "இத்தனை நாள் நின்னுச்சே சார், இப்ப என்ன?" என்றார். ஏஜென்சி போனை எடுக்கவில்லை. உரிமையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, என் ஆட்களை வைத்து என் செலவில் இறக்கினேன். நாற்பதாயிரம் ஆனது. அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டதில்லை. சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். வாங்கியவர் நல்ல மனிதர். "இப்படி ஒரு லெட்டர் வந்ததே இல்ல சார். எந்த ஃபைல்ல வைக்கிறதுன்னு தெரியல" என்றார்.

எனக்கு இதே கல்லூரியில் ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த சார், இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், நீங்கள் வகுப்பில் சொல்வீர்கள், "பேப்பர்ல நிக்கிறது வேற, மண்ணுல நிக்கிறது வேற" என்று. பரீட்சைக்கு வராத வாக்கியம் என்பதால் நாங்கள் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.

2023 ஜூன் 1ஆம் தேதி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டியில், ஹோர்டிங் அமைக்கும் வேலையில் இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். செத்தவர்கள் எங்கள் தொழில்காரர்கள். விதி பொதுமக்களுக்காக மட்டும் என்று நினைக்கிறோம். முதலில் விழுவது மேலே ஏறி நிற்கிறவன்தான்.

என்ன வேண்டும்?

தொழில் செய்கிறவனாக என் கோரிக்கை "விதியைத் தளர்த்துங்கள்" என்பதல்ல. மூன்று விஷயம் போதும்.

ஒன்று, சின்னக் கடைக்காரருக்குப் புரிகிற ஒரே ஓர் அளவுப் பட்டியல். பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் 2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஹோர்டிங்கே கூடாது என்று சட்டம் வந்தது. அது நமக்குச் சரிப்படுமா என்பது வேறு. ஆனால் கடைப் பலகைக்கு அவர்கள் வைத்த கணக்கைப் பாருங்கள். கடை முகப்பு 10 மீட்டருக்குள் என்றால் பலகை ஒன்றரை சதுர மீட்டர். 10 முதல் 100 மீட்டர் என்றால் 4 சதுர மீட்டர். யாரும் டேப் வைத்து அளந்துவிடலாம். ஆபீஸரிடம் போய், "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று நிற்க வேண்டியதில்லை. எங்கள் அப்பா சொல்வார்: "போர்டு பெருசா இருந்தா கூட்டம் வராதுடா. படிக்கிற மாதிரி இருந்தா வரும்." எல்லோருக்கும் ஒரே அளவு என்றால், பெரிது வைக்கும் போட்டி போய் நன்றாகச் செய்யும் போட்டி வரும். எங்கள் தொழிலுக்கு அதுதான் லாபம்.

இரண்டு, அனுமதிக்கு ஒரு கெடு. தை மாதம் கடை திறக்கிறவருக்கு ஆவணியில் அனுமதி வந்தால், அவர் அனுமதி இல்லாமல்தான் மாட்டுவார். அப்படி மாட்டுகிறவர் பொறியாளரைக் கூப்பிடமாட்டார், வெல்டிங் கடைக்காரரைத்தான் கூப்பிடுவார். தாமதத்தின் விலை காற்றடிக்கும்போது தெரியும்.

மூன்று, இடம் யாருடையதானாலும், வைக்கிறவர் யாரானாலும் ஒரே விதி. ரயில்வேயோ, கோயிலோ, கட்சியோ, கல்யாண வீடோ.

இவை அரசாங்கத்திடம் கேட்பது. தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக்கு நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். பலகையோ, பாலமோ, தண்ணீர்த் தொட்டியோ, ஏறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பைக் சீட்டில் வைத்துப் போடாதீர்கள்.

இன்று காலை நம்மையெல்லாம் வரவேற்ற பேனரைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் ஆண்டு சிவில் தம்பி ஒருவன் நேற்று ராத்திரி எனக்குப் போன் செய்தான். "அண்ணா, ரோட்டோரமா வச்சா எல்லாருக்கும் தெரியும். வைக்கலாமா?" என்றான். "காம்பவுண்டுக்குள்ள வைப்பா" என்றேன். உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். நான் வந்ததும் முன்பக்கம் நம் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நன்றாகக் கட்டியிருக்கிறான். அந்தத் தம்பி தேறிவிடுவான்.